மில் வேலையை விட்டு வேறு வேலைக்கு: எப்படித் தேடுவது, எவ்வளவு ஆகும்?

கேள்வி: மலேசியாவில், கெடா மாநிலம் பீடோங் பக்கம் ஒரு தோட்டத்துச் செம்பனை எண்ணெய் மில்லில் 6 வருடமாக வேலை செய்கிறேன். வயது 28, எஸ்பிஎம் (ஐந்தாம் படிவம்) படிப்பு, அடிப்படைச் சம்பளம் 1,800 வெள்ளி (ரிங்கிட்). தோட்டத்து வீட்டில் நானும் அம்மாவும் இருக்கிறோம். அம்மா வேலைக்குப் போவதில்லை. கூலிம் அல்லது பிறை தொழிற்சாலைகளில் வேலை தேட ஆசை. முதலில் ராஜினாமா கொடுத்துவிட்டு முழுமூச்சாகத் தேடலாமா? கையில் எவ்வளவு வைத்திருக்க வேண்டும்?

பதில்:

தம்பி, ராஜினாமாக் கடிதத்தை இப்போதைக்கு எழுத வேண்டாம்.

வேலை தேடும் செலவு என்றதும் போட்டோஸ்டேட், பாஸ்போர்ட் படம், மோட்டாருக்குப் பெட்ரோல் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுவார்கள். அதெல்லாம் சில்லறைச் செலவு. பெரிய செலவு, சம்பளம் இல்லாத நாள். உங்கள் 1,800 வெள்ளியை 26 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு 69 வெள்ளி வருகிறது. பீடோங்கிலிருந்து கூலிம் போய்வர 90 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் மோட்டாருக்கு இரண்டேகால் லிட்டர் போதும், லிட்டர் 2 வெள்ளி என்றால் 5 வெள்ளிகூட ஆகாது. நெடுஞ்சாலையில் மோட்டாருக்கு டோலும் இல்லை. ஆக, ஒரு நேர்காணலுக்குச் சம்பளமில்லா விடுப்பில் போனால் பெட்ரோலுக்கு 5 வெள்ளி, நாளுக்கு 69 வெள்ளி. வேலையை விட்டுவிட்டு 2 மாதம் தேடினால் 3,600 வெள்ளி போய்விடும். அதோடு வீடும் போகும்.

வீட்டு விஷயத்தைத்தான் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள், முதலில் யோசிக்க வேண்டியது அதுதான். அம்மா தோட்டத்தில் வேலை செய்திருந்தால் அவர் பெயரில் வீட்டைத் தொடர வழி கேட்கலாம். உங்கள் வீடு உங்கள் வேலையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. வேலை முடிந்தால் சாவியை ஒப்படைக்கச் சொல்வார்கள். வெளியில் வீடு எடுக்கும்போது வழக்கமாக இரண்டு மாத வாடகை முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை, எல்லாம் சேர்த்து மூன்றரை மாதம் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். 600 வெள்ளி வீட்டுக்கு 2,100 வெள்ளி. கட்டில், ஐஸ்பெட்டி ஏற்ற லோரி வாடகை தனி.

இப்போது புதுச் சம்பளம் எவ்வளவு இருந்தால் உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்று பாருங்கள். 1,800 வெள்ளியில் இபிஎப் (ஊழியர் சேமநிதி) 11%, சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிதி) 0.5%, வேலை காப்புறுதி 0.2% கழிந்தால் கைக்கு 1,590 வெள்ளி போல வரும், வீட்டு வாடகை கிடையாது. வெளியில் வாடகை 600, தண்ணீர் மின்சாரம் 100 என்று வைத்தால், இதே நிலையில் இருக்கவே கைக்கு 2,290 வர வேண்டும். அதற்குப் பிடித்தம் போவதற்கு முன் ஏறக்குறைய 2,600 வெள்ளி சம்பளம் வேண்டும். மில்லில் நீங்கள் செய்யும் ஓவர்டைமை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறையில் 2,100 வெள்ளி அடிப்படைச் சம்பளம் என்றால் கேட்கப் பெரிதாக இருக்கும். கைக்கு வருவது 1,854. இப்போதையதைவிட 265 வெள்ளிதான் கூடுதல், ஒரு அறை வாடகைக்கே போதாது. மாறவே கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த எண்ணுக்குக் கீழே தலையாட்டக் கூடாது என்பது கிளம்பும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே விசாரியுங்கள். தோட்டமோ மில்லோ விற்கப்படப் போகிறது, மூடப் போகிறார்கள் என்று கிராணி (அலுவலக எழுத்தர்) வட்டாரத்தில் பேச்சு இருக்கிறதா? இருந்தால் நீங்களாக விலகாதீர்கள். ஆட்குறைப்பில் போகிறவருக்கு 1980-ஆம் ஆண்டு பணிநீக்கப் பலன் விதிமுறைப்படி இழப்பீடு உண்டு: 2 வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 வருடத்துக்குள் என்றால் 15 நாள், 5 வருடமும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். உங்கள் 6 வருடத்துக்கு 120 நாள், அதாவது 8,300 வெள்ளி போல. அதோடு பெர்கேசோவின் (சொக்சோவின் மலாய்ப் பெயர்) வேலை காப்புறுதித் திட்டத்தில் வேலை தேடும் உதவித்தொகையும் கேட்கலாம். முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80%, பிறகு படிப்படியாகக் குறைந்துகொண்டு வரும். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தானாக ராஜினாமா செய்தவருக்கு இந்த இரண்டுமே கிடையாது. தோட்டம் கைமாறி, புது முதலாளி குறையாத நிபந்தனைகளோடு வேலையைத் தொடரச் சொல்லியும் நீங்கள் காரணமில்லாமல் மறுத்தால் இழப்பீடு கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது நோட்டீஸ். நியமனக் கடிதத்தைத் தேடி எடுத்து, எத்தனை நாள் நோட்டீஸ் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதில் எதுவும் இல்லையென்றால் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்லும் அளவு வரும்: 2 வருடத்துக்குள் 4 வாரம், 2 முதல் 5 வருடத்துக்குள் 6 வாரம், 5 வருடம் ஆகிவிட்டால் 8 வாரம். உங்களுக்கு 8 வாரமாக இருக்கக்கூடும். புது முதலாளி "அடுத்த திங்கட்கிழமையே வா" என்று கூப்பிட்டு, நீங்களும் நோட்டீஸ் இல்லாமல் போனால் அந்த 8 வாரச் சம்பளத்தை மில்லுக்குக் கட்ட வேண்டிவரும்: 48 நாள், 3,300 வெள்ளிக்கு மேல். நேர்காணலிலேயே "எனக்கு இத்தனை வாரம் நோட்டீஸ்" என்று சொல்லிவிடுங்கள். நல்ல கம்பெனி காத்திருக்கும், சில கம்பெனிகள் அந்தப் பணத்தில் ஒரு பங்கைத் தாங்களே ஏற்கும். மீதமுள்ள ஆண்டு விடுப்பை நோட்டீஸ் காலத்தில் கழித்துக்கொள்ள மேனேஜர் ஒப்புக்கொண்டால் நாள் குறையும், எழுத்தில் வாங்குங்கள்.

இனி, எதைக் காட்டி வேலை கேட்பது? மில்லில் இருந்து வருபவர்கள் ரெஸ்யூமில் "மில் தொழிலாளி, 6 வருடம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தொழிற்சாலையின் ஆள்சேர்ப்பு அதிகாரிக்கு அது எதையும் சொல்வதில்லை. நீங்கள் செய்ததை இயந்திரம், அளவு, பொறுப்பு என்று பிரித்து எழுதுங்கள். மணிக்கு எத்தனை டன் குலை ஓடும் மில், ஸ்டெரிலைசரில் ஏறக்குறைய 3 பார் நீராவியில் குலையை வேகவைத்தது, பிரஸ், டைஜெஸ்டர், கன்வேயர், பம்ப் ஆகியவற்றில் எதை ஓட்டினீர்கள், பேரிங் மாற்றினீர்களா, லாக் புக் எழுதினீர்களா, 12 மணி நேர ஷிப்டில் எத்தனை பேரைப் பார்த்துக்கொண்டீர்கள் என்று வர வேண்டும். நீராவி, அழுத்தம், கன்வேயர் எல்லாம் கையுறைத் தொழிற்சாலையிலும், உணவு பதப்படுத்தும் இடத்திலும், தீவன மில்லிலும் இருக்கின்றன. அந்த முதலாளிகளுக்கு வேண்டிய ஆள் நீங்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் தலா ஒரு பக்கம் போதும்.

ஆனால் பேச்சுக்கும் தாளுக்கும் வித்தியாசம் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் போனால் பெரும்பாலும் ஆபரேட்டர் வேலைதான், அடிப்படைச் சம்பளம் சட்டக் குறைந்தபட்சமான 1,700 வெள்ளியை ஒட்டியே இருக்கும். மேலே சொன்ன 2,600-ஐ அது தொடாது. அதனால் என் கருத்து இதுதான்: தேடலின் முதல் 6 மாதத்தைச் சான்றிதழுக்குக் கொடுங்கள், இப்போதைய சம்பளத்தையும் வீட்டையும் விடாமல். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்கேஎம். கல்லூரிக்குப் போகாமலே, செய்த வேலையின் சான்றுகளைக் காட்டி மதிப்பீடு மூலம் எடுக்கும் முறை ஒன்று உண்டு, அதற்குப் பிபிடி என்று பெயர். வேலைப் படங்கள், லாக் புக் பக்கங்கள், மேற்பார்வையாளர் கையெழுத்து ஆகியவற்றைக் கோப்பாகத் திரட்ட வேண்டும். இதை மில்லில் இருக்கும்போதுதான் செய்ய முடியும். வெளியே போனபின் கையெழுத்துக்கு அலைவது பெரும்பாடு. இன்னொன்று, ஜேகேகேபி (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) நடத்தும் பாய்லர்மேன் தகுதித் தேர்வு. பாய்லர் உள்ள இடத்தில் தகுதி பெற்ற ஆள் வைத்தே ஆக வேண்டும் என்பதால் அந்தத் தாளுக்கு எப்போதும் மதிப்பு உண்டு. பாய்லர் பகுதியில் வேலை செய்த அனுபவம் வேண்டும், ஆகவே உங்கள் மில் எஞ்சினியரிடம் அந்தப் பக்கம் மாற்றிவிடச் சொல்லிக் கேளுங்கள். மில் நிர்வாகமே பயிற்சிச் செலவை ஏற்றால் "இத்தனை வருடம் விலகக் கூடாது" என்று ஒப்பந்தம் கேட்பார்கள். கையெழுத்துக்கு முன் அந்தத் தாளைப் படியுங்கள். முடிந்தால் சொந்தப் பணத்தில் எழுதுவது நல்லது.

தேடும் இடங்கள். பெர்கேசோவின் மைபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் முதலில் பதியுங்கள், இலவசம். வேலையில் இருக்கும்போதே பதியலாம். டெக்னிசியன், சூப்பர்வைசர் வேலைகளுக்கு ஜாப்ஸ்ட்ரீட் பாருங்கள். இரண்டிலும் ரெஸ்யூமை ஒருமுறை ஏற்றிவிட்டு மறந்துவிடுகிறார்கள், அது தப்பு. மாதம் ஒருமுறையாவது திறந்து திருத்துங்கள், பழைய பதிவு அடியில் போய்விடும். அரசு வேலை என்றால் எஸ்பிஏ (பொதுச் சேவை ஆணையம்) தளத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம், பதிவு ஒரு வருடம்தான் செல்லும். எஸ்பிஎம் மலாய் தேர்ச்சி இல்லாமல் அங்கே நகர முடியாது. அரசு வேலை கூப்பிட ரொம்ப நாளாகும், அதையே நம்பி இருக்க வேண்டாம்.

ஆபரேட்டரும் டெக்னிசியனும் எடுக்கும் தொழிற்சாலைகளுக்கு ஆள் மூலம்தான் பாதி வேலை நகர்கிறது. பீடோங், சுங்கைப் பட்டாணி வழியாகப் போகும் தொழிற்சாலைப் பஸ்களைக் கவனியுங்கள். எந்தக் கம்பெனிப் பஸ் எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்கு என்பதைப் பஸ் டிரைவரிடமும் ஏறுகிறவர்களிடமும் கேட்டால் இணையத்தில் கிடைக்காத செய்தி கிடைக்கும்: ஓவர்டைம் ஓடுகிறதா, ஆள் நிற்கிறார்களா, சம்பளம் சொன்ன நாளில் வருகிறதா. உள்ளே இருப்பவர் சிபாரிசில் சேர்ந்தால் அவருக்குக் கம்பெனி சன்மானம் கொடுப்பதும் உண்டு, அதனால் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வருட போனஸும் சீனப் புத்தாண்டும் முடிந்த பிறகு ஆட்கள் இடம் மாறுவது வழக்கம், அந்த மாதங்களில் கதவு கொஞ்சம் அகலமாகத் திறந்திருக்கும்.

சுங்கைப் பட்டாணியிலிருந்து பட்டர்வொர்த்துக்குக் கொமுட்டர் ரயில் இருப்பதால் பிறை, பினாங்கு பக்கத்தையும் ஒதுக்க வேண்டாம். ஆனால் 7 மணி ஷிப்டுக்கு முதல் ரயில் நேரம் ஒத்துவருமா, ஸ்டேஷனிலிருந்து தொழிற்பேட்டைக்கு எப்படிப் போவது என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். கூலிமுக்குத் தினமும் மோட்டாரில் போனால் 26 நாளுக்கு 2,340 கிலோமீட்டர், பெட்ரோல் 117 வெள்ளி, கிட்டத்தட்ட மாதம் ஒருமுறை எஞ்சின் எண்ணெய், டயர் தேய்மானம். 12 மணி நேர இரவு ஷிப்ட் முடித்து அந்தத் தூரம் மோட்டார் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. பஸ் இல்லாத கம்பெனி என்றால் அதைச் சம்பளத்தில் ஒரு குறையாகவே எண்ணுங்கள்.

நேர்காணலுக்கு ஐசி (அடையாள அட்டை) நகல், எஸ்பிஎம் மூலச்சான்றிதழும் நகலும், லைசென்ஸ் நகல், கடைசி 3 மாதச் சம்பளச் சீட்டு, இபிஎப் கணக்கறிக்கை, படம் 4, எல்லாவற்றையும் 5 செட்டாக ஒரே நாளில் எடுத்து வைத்துவிடுங்கள். 50 வெள்ளிக்குள் முடியும். அதைவிட முக்கியம் நாளைச் சேமிப்பது. ஷிப்ட் மாறும் வாரத்தில் காலை ஓய்வு கிடைக்கும் நாளுக்கு நேரம் கேளுங்கள். ஒரே நாளில் கூலிமில் இரண்டு இடம் என்று கோத்துக்கொள்ளுங்கள். வாக்-இன் நேர்காணலுக்கு 9 மணி என்றால் 8 மணிக்கே நில்லுங்கள், பிற்பகலுக்குத் தள்ளினால் ஷிப்ட் போய்விடும். பொய் எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) எடுக்காதீர்கள், மாட்டினால் 6 வருட நல்ல பெயர் போகும். சொல்லாமலும் நிற்காதீர்கள். அனுமதியும் தகவலும் நியாயமான காரணமும் இல்லாமல் தொடர்ந்து 2 வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் ஒப்பந்தத்தை நீங்களே முறித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

விளம்பரத்தில் "மாதம் 2,800 வரை" என்று போட்டிருந்தால் அதைப் பிரித்துப் பாருங்கள். அடிப்படை 1,700. அதை 26-ஆலும் 8-ஆலும் வகுத்தால் மணிக்கு 8.17, ஓவர்டைம் ஒன்றரை மடங்கு 12.26. மாதம் 60 மணி நேரம் ஓவர்டைம் 735 வெள்ளி. ஷிப்ட் படி 200, வருகைப் படி 150. கூட்டினால் 2,785. ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்று, அந்த மாதம் ஒரு நாள் எம்சி போட்டு வருகைப் படியும் போனால் 1,900-தான். வாடகை மட்டும் அதே 600. இன்னொரு விஷயமும் இருக்கிறது: ஓவர்டைமுக்கு இபிஎப் பிடிப்பதில்லை, முதலாளியும் கட்டுவதில்லை. ஓவர்டைமால் வீங்கிய சம்பளத்தில் பல வருடம் இருந்தால் கைச்செலவுக்குக் காசு இருக்கும், 55 வயதில் கணக்கு மெலிந்திருக்கும். ஆகவே நேர்காணலில் கேட்க வேண்டியது: அடிப்படை எவ்வளவு, போன 3 மாதத்தில் சராசரி ஓவர்டைம் எத்தனை மணி, எம்சி எடுத்தால் என்ன குறையும், நேரடி வேலையா, குத்தகைக்காரர் மூலமா. கடைசிக் கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் நியமனக் கடிதத்தில் யார் பெயர் முதலாளி என்று இருக்கிறது என்று பாருங்கள்.

"எடுத்துவிட்டோம்" என்று போனில் சொன்னதை நம்பி ராஜினாமா கொடுத்து, பிறகு மருத்துவப் பரிசோதனையில் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் நிறக்குருடு ஒரு தடை, சிறுநீர்ப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் சாதாரணம். பரிசோதனைக்கு 50 முதல் 150 வெள்ளி வரை ஆகலாம். கம்பெனி திருப்பித் தருமா என்று கேட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை தேறி, சம்பளம், வேலை இடம், சேரும் தேதி எழுதிய நியமனக் கடிதத்தில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மில்லில் கடிதம் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது நகலில் தேதியோடு பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். வீட்டைக் காலி செய்ய எத்தனை நாள் தருவார்கள் என்பதையும் அன்றே கேட்டு எழுதி வாங்குங்கள்.

பணம் கேட்கும் வேலை பற்றி ஒரு வார்த்தை. வேலை கிடைப்பதற்கு முன் சீருடை, பதிவு, அனுமதிச்சீட்டு என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். தனியார் வேலை முகவர் என்றால் மனிதவளத் துறையின் உரிமம் இருக்க வேண்டும், எண்ணைக் கேளுங்கள். மூல ஐசியை யாரிடமும் விட்டு வராதீர்கள். வெளிநாட்டில் கணினி வேலை, தங்குமிடம் இலவசம், மாதம் பல ஆயிரம் என்று வாட்ஸ்அப்பில் வருவது கம்போடியா, மியன்மார் மோசடிக் கூடாரங்களுக்கு ஆள் பிடிப்பதாக இருக்கலாம், நம் பிள்ளைகள் பலர் சிக்கியிருக்கிறார்கள். பணம் கேட்பவர் கொடுத்த வங்கிக் கணக்கு எண்ணை, மோசடிக் கணக்கா என்று பார்க்கும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழையுங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டிய தொகைக்கு வருவோம். தாள்கள் 50, நான்கு நேர்காணல் பயணம் 20, சம்பளமில்லா நாள் இரண்டு 138, மருத்துவம் 100, பாதுகாப்புக் காலணி 100. வீட்டு முன்பணம் 2,100, லோரி 250. இதுவரை 2,758. அடுத்தது முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு. சட்டப்படி மில் உங்கள் பாக்கியைக் கடைசி நாளிலேயே தீர்க்க வேண்டும், ஆனால் புது இடத்தில் மாதக் கணக்கு முடிந்து 7 நாள்வரை அவர்களுக்கு அவகாசம் உண்டு. ஒன்றாம் தேதி சேர்ந்தால்கூட 5 வாரம் காத்திருக்க நேரலாம். இரண்டு பேருக்கு அதற்கு 1,500 வைத்தால் மொத்தம் 4,258, கணக்கில் வராததற்கும் சேர்த்து 5,000 வெள்ளி. மாதம் 400 ஒதுக்கினால் ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும், சான்றிதழ் வேலையையும் அந்தக் காலத்துக்குள்ளேயே முடித்துவிடலாம். இதற்குக் கடன் அட்டையோ வட்டிக்காரரோ வேண்டாம்.

அவ்வளவு சேர்க்க முடியாத நிலை என்றால் ஒரு நடுவழி இருக்கிறது: வேறு குழுமத்தின் மில்லில், பாய்லர் அல்லது பராமரிப்புப் பகுதியில், வீட்டோடு வேலை. சம்பள உயர்வு கொஞ்சமாக இருந்தாலும் வாடகை இல்லாததால் கைக்கு நிற்கும், 2,100 வெள்ளி முன்பணமும் மிச்சம். கம்பெனி ஆஸ்ரமா (தொழிலாளர் விடுதி) இலவசம் என்று சொல்லும் தொழிற்சாலைகள் உங்களுக்குப் பொருந்தாது, அம்மாவை அங்கே வைத்துக்கொள்ள முடியாது.

சேர்ந்த இரண்டாம் மாதம் இபிஎப்பின் இணையக் கணக்கான ஐ-அக்கவுனைத் திறந்து முதல் மாதப் பங்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். 5,000 வெள்ளிவரை சம்பளம் என்றால் உங்கள் 11%-ஓடு முதலாளியின் 13%-உம் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் கழித்திருந்தும் கணக்கில் ஏறவில்லை என்றால் அந்த வாரமே கணக்குப் பிரிவில் கேளுங்கள், பதில் இல்லையென்றால் சீட்டை எடுத்துக்கொண்டு சுங்கைப் பட்டாணி இபிஎப் அலுவலகத்துக்குப் போங்கள்.